போர்டோக் கலவையும் கம்பம் திராட்சையும்: ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?



போர்டோக் கலவை தெரியாத விவசாயி கிடையாது. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இயற்கை வழிக்கு வந்த பிறகும், வேறு வழியே இல்லாதபோது அளவோடு கையில் எடுக்கிறோம். ஆனால் போர்டோ என்பது ஒரு ஊரின் பெயர் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? பிரான்சு நாட்டில் ஒயினுக்குப் பேர்போன ஊர் அது. அந்தப் பக்கத்தில் ரோட்டோரக் கொடிகளில் போகிறவன் வருகிறவன் பழம் பறிக்கிறான் என்று, பார்க்கவே அருவருப்பாக இருக்கட்டும் என, துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்தார்கள். தெளித்த கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வரவில்லை. இதைக் கவனித்த மில்லார்டே என்ற பேராசிரியர் 1885இல் கலவையை உலகத்துக்குச் சொன்னார். ஊர்ப் பெயர் மருந்துக்குப் பெயராகி, மதுரைக்கும் வந்து சேர்ந்தது.

மருந்து விஷயத்தில் அந்த ஊர்க்காரர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் "போர்டோ ஒயின்" என்று வேறு யாராவது பாட்டிலில் ஒட்டிப் பார்க்கட்டும், விட மாட்டார்கள். இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடியைப் பற்றி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் டீக்கு மேல் போகாத ஆள்.

நண்பர் கேட்ட கேள்வி

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் சில வருஷம் தேனி மாவட்டத்தில் இருந்தேன். அப்போது பயிர்க்கடன் வாங்க வந்து பழக்கமானவர், கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் நண்பர். நான் ஓய்வு பெற்று, கோச்சடைக்கு மேற்கே மேலக்கால் ரோட்டுப் பக்கம் இருக்கிற பூர்வீக நிலத்தில் மல்லி, வாழை என்று இறங்கிய பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. போன புரட்டாசியில் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பாதித் தோட்டத்தை இயற்கைக்கு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. மீதிப் பாதிக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். மதுரையில் ஒரு பழக்கடை. "கம்பம் பன்னீர்" என்று அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கிடக்கிற காலிப் பெட்டியில் வேறு மாநிலத்து முகவரி.

"மேனேஜர் சார், 2023இல் எங்க திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்துருச்சுன்னு பேப்பர்ல போட்டாங்க. ஊரே வெடி போட்டுச்சு. அப்புறம் என்ன சார் ஆச்சு? கிலோவுக்கு ஒரு ரூவா கூடலை. இவன் பாட்டுக்கு எங்க பேரைப் போட்டு விக்கிறான். ஒயின்காரன் மட்டும் எப்படிச் சார் அவன் ஊர்ப் பேரைக் காப்பாத்துறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

ஷாம்பெயின் கலவரம்

ஊர்ப் பெயருக்கு எல்லை கட்டுவது புதுசு இல்லை. போர்ச்சுகல் நாட்டில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் ஒயினுக்கு 1756லேயே அரசாணை போட்டு எல்லை வகுத்தார்கள். நம்ம சர்வே கல் மாதிரி கருங்கல் நட்டார்கள்.

ஆனால் இந்தச் சட்டங்களுக்கு உண்மையான உயிர் கொடுத்தது விவசாயிகளின் கோபம். பிரான்சின் வடகிழக்கில் ஷாம்பெயின் என்ற பகுதி. அங்கே திராட்சை விளைவிப்பது சிறு விவசாயிகள். ஒயின் செய்து பெயர் போட்டு விற்பது பெரிய வியாபார நிறுவனங்கள். விளைச்சல் குறைந்த வருஷங்களில் சில வியாபாரிகள் லுவார் போன்ற வேறு பகுதிகளிலிருந்து மலிவாகத் திராட்சையும் ஒயினும் கொண்டுவந்து, "ஷாம்பெயின்" என்றே விற்றார்கள். 1910இல் மழையும் நோயும் சேர்ந்து மகசூலை அழித்துவிட்டது. விவசாயி வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனால் வியாபாரியிடம் சரக்குக்குக் குறைவில்லை. 1911 ஜனவரியில் விவசாயிகள் வண்டிகளை மறித்து, வெளியூர்ச் சரக்கை மார்ன் ஆற்றில் கொட்டினார்கள். ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் வியாபாரிகளின் கட்டடங்கள் எரிந்தன. ராணுவம் வந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1908இல் அரசாங்கம் போட்ட எல்லையில் ஓப் என்ற மாவட்டம் விட்டுப்போனது. அங்கிருந்த விவசாயிகளும், "நாங்க மட்டும் யாரு?" என்று தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் 1927இல்தான் அவர்களையும் சேர்த்து எல்லையைச் சட்டமாக்கினார்கள். 1935இல் இதற்கென்றே ஒரு தேசிய அமைப்பு வந்தது. எல்லை மட்டும் இல்லை. என்ன ரகம், எப்படிக் கவாத்து, எக்டேருக்கு அதிகபட்சம் எவ்வளவு மகசூல், கையால்தான் பறிக்க வேண்டும், 4000 கிலோ பழத்திலிருந்து 2550 லிட்டர் சாறுக்கு மேல் பிழியக் கூடாது, எத்தனை மாதம் ஊற வேண்டும் என எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு விதி தவறினாலும் பெயர் போடும் உரிமை கிடையாது.

அந்தக் கத்தி சின்னவன் கழுத்தையும் அறுக்கும். சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே பெயர் கொண்ட ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. அங்கேயும் பல தலைமுறையாக ஒயின் செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடன் போட்ட ஒப்பந்தத்தால் 2004இலிருந்து அவர்கள் சொந்த ஊர்ப் பெயரையே பாட்டிலில் போட முடியவில்லை. எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

ஒயினுக்கு ஒரு நீதி, பழத்துக்கு ஒரு நீதி

உலக வர்த்தக அமைப்பில் 'டிரிப்ஸ்' என்ற அறிவுசார் சொத்து ஒப்பந்தம் இருக்கிறது. 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஊர்ப் பெயர்களுக்கு இரண்டு பிரிவுகள் முக்கியம். 22ஆவது பிரிவு எல்லாப் பொருளுக்கும் பொது. அதன்படி, பொய்யான ஊர்ப் பெயர் போட்டவன் மக்களை ஏமாற்றுகிறான் என்று நாம் காட்ட வேண்டும். 23ஆவது பிரிவு ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும். அங்கே ஏமாற்று என்று நிரூபிக்கவே தேவையில்லை. "ஷாம்பெயின் மாதிரி", "ஷாம்பெயின் வகை" என்று எழுதினாலும் தப்பு. உண்மையான ஊரைப் பக்கத்தில் எழுதினாலும் தப்பு.

அதாவது, திராட்சையைப் பழமாக விற்றால் சின்னக் குடை, புளிக்க வைத்து விற்றால் பெரிய குடை! பாஸ்மதி அரிசிக்கும் டார்ஜிலிங் தேயிலைக்கும் இந்தப் பெரிய குடையைக் கொடுங்கள் என்று இந்தியா போன்ற நாடுகள் வருஷக்கணக்காகக் கேட்கின்றன. 2001 தோகா மாநாட்டுத் தீர்மானத்திலும் இந்த விஷயம் இருக்கிறது. இன்னும் முடிவு வரவில்லை. ஒயின்காரர்களுக்குள்ளேயும் முழு வெற்றி இல்லை. 2006 மார்ச்சுக்கு முன்னால் லேபிளுக்கு அனுமதி வாங்கிய அமெரிக்க நிறுவனங்கள் "கலிஃபோர்னியா ஷாம்பெயின்" என்று அங்கே இன்றும் போடலாம்.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் நமக்கு முக்கியம்: சொந்த நாட்டில் காப்பாற்றப்படாத பெயரை மற்ற நாடுகள் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. 1997இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பாஸ்மதி வகை அரிசிக்குக் காப்புரிமை வாங்கியபோதுதான் நம்ம நாடு விழித்துக்கொண்டது. 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் வேறெங்கும் இல்லை, நம்ம சென்னை கிண்டியில்தான். முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. நம்ம பக்கத்தில் விருப்பாட்சி, சிறுமலை வாழைப்பழங்கள், 2013இல் மதுரை மல்லி, 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை, அதே வருஷம் எங்கள் மேலக்கால் ரோட்டின் மறுமுனையில் இருக்கிற சோழவந்தான் வெற்றிலை என்று வரிசை நீள்கிறது.

பேப்பர் கட்டிங்கும் கடனும்

நான் வேலையில் இருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். மதுரை மல்லிக்குக் குறியீடு கிடைத்த சமயம், ஒரு பூ விவசாயி செய்தித்தாள் கட்டிங்கை மடித்துக்கொண்டு வந்தார். "சார், எங்க மல்லிக்கு அரசாங்கமே பட்டா குடுத்துருச்சு. இதை அடமானமா வச்சுக்கிட்டு லோன் குடுங்க" என்றார். நானும் ஆபீஸில் இருந்தவர்களும் சிரித்துவிட்டோம். அவர் முகம் வாடிப் போனது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அவர் கேட்டது தப்பான கேள்வி இல்லை. பதில் சொல்லும் அளவுக்கு எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

பதில் சட்டத்தின் 24ஆவது பிரிவில் இருக்கிறது. புவிசார் குறியீட்டை விற்க முடியாது, உரிமம் கொடுக்க முடியாது, அடகோ அடமானமோ வைக்க முடியாது. டிரேட் மார்க் என்றால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிடலாம். இது அப்படி இல்லை. கோயில் மாட்டை எவனும் சந்தையில் ஓட்ட முடியாது என்பது போல. காசுள்ளவன் வந்து நம்ம ஊர்ப் பெயரை விலைக்கு வாங்கிப் போக முடியாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் பெரிய பலம். 25ஆவது பிரிவு, அந்தப் பெயரைத் தனி ஆள் டிரேட் மார்க்காகப் பதிவதையும் தடுக்கிறது.

ஆனால் நண்பரின் கேள்விக்கான பதில் வேறு பிரிவுகளில் இருந்தது. சட்டத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் 'பதிவு பெற்ற உரிமையாளர்', அதாவது விண்ணப்பித்த சங்கம் அல்லது அரசு அமைப்பு. இன்னொருவர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்'. அவர்தான் தோட்டத்தில் நிற்கும் விவசாயி. அந்தப் பெயரைச் சரக்கில் போடும் தனி உரிமையை 21ஆவது பிரிவு இந்தப் பயனாளருக்குத்தான் கொடுக்கிறது. போலிக்காரன் மேல் வழக்குப் போடும் உரிமை இருவருக்கும் உண்டு. பொய்யாக அந்தப் பெயரில் விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நண்பருக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீங்க பயனாளரா பதிஞ்சிருக்கீங்களா?"

"அப்படின்னா என்ன சார்?"

அம்புட்டுத்தான் விஷயம். குறியீடு ஊருக்கு வந்தது. விவசாயி வீட்டுக்கு வரவில்லை. அவரைச் சொல்லி என்ன? நானே மல்லி வைத்து ஆறு வருஷம் ஆகிறது, நானும் பதிவு செய்யவில்லை. பயனாளர் பதிவுக் கட்டணம் முன்பு 500 ரூபாயாக இருந்தது; 2020இல் விதியைத் திருத்திப் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். ஒரு டீக்காசு.

சும்மா இருந்தால் போய்விடும்

பதிந்துவிட்டு உறங்கினாலும் பயனில்லை. பெங்களூரு கோடேஸ் நிறுவனம் 1968இலிருந்து "பீட்டர் ஸ்காட்" என்று ஒரு விஸ்கி விற்றது. 'ஸ்காட்' என்ற சொல் எங்கள் ஸ்காட்லாந்தைக் குறிக்கிறது என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்காடியது. 2008இல் உச்ச நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1974லேயே தெரிந்திருந்தும் 1986 வரை நடவடிக்கை எடுக்காமல் இருந்தார்களே என்பது முக்கியக் காரணம். அவ்வளவு பணமும் வக்கீல்களும் உள்ள சங்கத்துக்கே இந்தக் கதி என்றால் நாம் எந்த மூலைக்கு? எல்லாரும் கண்டபடி பயன்படுத்தி ஒரு பெயர் பொதுப்பெயராகிவிட்டால் அதற்குப் பாதுகாப்பே கிடையாது என்று 9ஆவது பிரிவு சொல்கிறது. "பன்னீர் திராட்சை" என்றாலே கம்பம், "மல்லி" என்றாலே மதுரை என்று எந்த ஊர்ப் பூவுக்கும் எழுதிக்கொண்டே போனால், போர்டோக் கலவை கதைதான் நமக்கும்.

குறியீடு இயற்கைச் சான்று அல்ல

நம் இயக்கத்து நண்பர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். புவிசார் குறியீடு எந்த ஊரில் விளைந்தது என்றுதான் சொல்கிறது. எத்தனை முறை மருந்தடித்தார்கள் என்று சொல்வதில்லை. மல்லியில் மொட்டுப்புழுவுக்குப் பயந்து அடிக்கிற மருந்து உங்களுக்குத் தெரியாததா? திராட்சையைக் கேட்கவே வேண்டாம். நண்பர் தோட்டத்தில் இயற்கைப் பாதியும் ரசாயனப் பாதியும் ஒரே குறியீட்டுக்குள் அடங்கும். ஒரே விலைதான் கிடைக்கும்.

இவ்வளவு விதி எழுதிய ஷாம்பெயின்காரர்களும் மண்ணைக் கவனிக்காமல் விட்டார்கள். பாரிஸ் நகரத்துக் குப்பையை அரைத்துக் கொண்டுபோய் எருவென்று தோட்டங்களில் பல வருஷம் கொட்டினார்கள். 1998இல்தான் அது நின்றது. பிளாஸ்டிக் துண்டும் கண்ணாடித் துண்டும் அந்த மண்ணில் பிறகும் கிடந்தன. மாநகராட்சிக் குப்பை உரத்தை நம்பி வாங்கி, பாலித்தீன் பொறுக்கின அனுபவம் நமக்கும் உண்டு. உலகப் புகழ்பெற்ற ஊர்ப் பெயரே மண்ணைக் காப்பாற்றவில்லை; அதற்கு மனுஷன்தான் வேண்டும்.

அதற்காக, "ரசாயனம் அடிப்பவனுக்குக் குறியீடு கிடையாது" என்று விதி கேட்கலாமா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஓப் மாவட்டத்து விவசாயிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கோட்டைப் போட்டுப் பக்கத்துத் தோட்டக்காரனை வெளியே தள்ளினால், அவன் நம் எதிரியாவானே தவிர இயற்கைக்கு மாற மாட்டான். கடனில் நிற்கிறவனை ஒரே நாளில் மாறு என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. குறியீடு எல்லாருக்கும் இருக்கட்டும். அதற்குள் இயற்கை வழியில் விளைவிப்பவர்கள் ஐந்து பேராவது சேர்ந்து பங்கேற்பு உத்தரவாத முறையில், அதாவது பி.ஜி.எஸ். குழுவாகச் சான்று வாங்கட்டும். ஒரு பெட்டியில் இரண்டு முத்திரை: ஒன்று ஊருக்கு, ஒன்று முறைக்கு. வாங்குகிறவன் வித்தியாசம் கேட்க ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டக்காரன் தானாக வேலி ஓரம் வந்து நிற்பான்.

என்ன செய்யலாம்

வங்கிக்காரன் புத்தி, பட்டியல் போடாமல் தீராது.

முதலில், உங்கள் பயிருக்குக் குறியீடு இருக்கிறதா, பதிவு பெற்ற உரிமையாளர் யார் என்று பாருங்கள். பதிவகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளின் ஆவணமும் இருக்கிறது. எல்லையையும் தர விவரத்தையும் ஊர்க்கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். உங்கள் கிராமம் எல்லைக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, உரிமையாளர் சங்கத்திடம் பேசிவிட்டு, ஜி.ஐ.-3 படிவத்தில் பயனாளராகப் பதியுங்கள். தனித்தனியாக அலையாமல் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போங்கள்.

மூன்றாவது, பதிவு பத்து வருஷத்துக்குத்தான். புதுப்பிக்க வேண்டும். சங்கம் புதுப்பித்ததா என்று கேட்பது உறுப்பினரின் கடமை. லாக்கர் சாவியை ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோகிற மாதிரி இருக்கக் கூடாது.

நான்காவது, தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று ஒவ்வொரு குறியீட்டுக்கும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் அதிகாரிகள் மட்டும் இல்லாமல் பறிக்கிற, கட்டுகிற ஆட்களும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஐந்தாவது, ஒயினுக்குக் கிடைக்கிற பெரிய குடையை மற்றப் பொருளுக்கும் அறிவிக்க நம் சட்டத்தின் 22ஆவது பிரிவே மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அப்படி அறிவித்தால் "கம்பம் வகை" என்ற வார்த்தையும் செல்லாது. இதை இயக்கத்தின் கோரிக்கையாக வைக்கலாம்.

கடைசியாக ஒன்று

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் மல்லி வைத்திருப்பவர்களிடம் போனேன். நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவதாக ஒரு பெரியவர். எனக்கு மாமா முறை. படிவத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாப்ளே, பேரைக் காப்பாத்துறது சரி. அடுத்த தையில இந்த இடத்தை பிளாட் போட எம் மகன் அட்வான்ஸ் வாங்கிட்டான். எந்தக் கொல்லைப் பூவுக்கு நான் கையெழுத்துப் போட?"

என்னால் பதில் பேச முடியவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது கோச்சடையில் முத்தையா கோயிலைச் சுற்றி வயல். இன்று அடுக்குமாடி. மதுரை மல்லி என்ற பெயரை வெளியூர்க்காரன் திருடாமல் இந்தச் சட்டம் தடுக்கும். மதுரையிலேயே மல்லிக் காடு இல்லாமல் போவதைத் தடுக்காது. பிரான்சில் குறியீட்டுப் பகுதிக்குள் கட்டடமோ திட்டமோ வந்து விளைச்சலைக் கெடுக்கும் என்றால், விவசாயிகள் சங்கம் அரசிடம் கேள்வி எழுப்பவும், அதற்கு வேளாண் அமைச்சர் கருத்துச் சொல்லவும் சட்டத்தில் வழி இருக்கிறது. நம் மாநிலத்தில் காவிரி டெல்டாவுக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. குறியீடு பெற்ற பயிர்கள் விளையும் மண்ணுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று நாம் ஏன் கேட்கக் கூடாது?

நாலு படிவத்தோடு என்னுடையதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். கம்பத்தில் நண்பர் பதினோரு பேரைச் சேர்த்திருக்கிறார். மாமாவின் தோட்டத்தில் இன்னும் பூ பறிக்கிறார்கள். தை வரைக்கும் நேரம் இருக்கிறது. மகனிடம் ஒருமுறை நானும் போய்ப் பேசிப் பார்க்கப் போகிறேன்.